கட்டுமரம்: சொல்லும் பொருளும்

(கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் தமிழ் மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழின் பெருமையைப் பேசுவதென்றால் முடியுடை மூவேந்தரையும் பெரும்பாவலரையும் பற்றித்தான் பேச வேண்டும் என்றொரு பழக்கம் நம் மேடைகளில் வேரூன்றிவிட்டது. இன்று நான் அப்படிப் பேச வரவில்லை. உங்கள் ஊர் மணலில் கிடந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அரசவையில் பிறந்த சொல்லன்று அது. புலவர் புனைந்த சொல்லும் அன்று. உப்புக்காற்றில் கை காய்த்துப்போன உழைப்பாளி, தன் கையில் இருந்த கயிற்றையும் தன்முன் கிடந்த மரத்தையும் பார்த்து இட்ட பெயர் அது. கட்டுமரம் என்பதே அச்சொல்.

இன்று உலக அகரமுதலிகளைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு ஒடுங்கிய உடல்களை அருகருகே வைத்து, மேலே பாலம்போல் இணைத்து, கடலைக் கிழித்துக்கொண்டு விரையும் கலத்திற்கு ஐரோப்பிய மொழிகள் வழங்கும் பெயர் ‘கேட்டமரான்’. ஆத்திரேலியாவைச் சேர்ந்த தாசுமேனியத் தீவில் ஓபார்ட்டு என்னும் நகரில் இத்தகைய கலங்களைக் கட்டும் புகழ்பெற்ற பணிமனை ஒன்று உண்டு. அங்கே கட்டப்பட்ட கலம் ஒன்று 1990-ஆம் ஆண்டு அத்திலாந்தியப் பெருங்கடலைக் கடந்து, 1952 முதல் ஓர் அமெரிக்கக் கப்பலிடம் இருந்த விரைவுச் சிறப்பைத் தட்டிப் பறித்தது. அதே பணிமனையில் 2013-இல் கட்டி முடித்த ‘பிரான்சிசுக்கோ’ என்னும் கலம், ஆய்வோட்டத்தில் மணிக்கு 58.1 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 107 கிலோமீட்டர் விரைந்தது. அந்தப் பணிமனையின் பெயரிலேயே ‘கேட்’ என்னும் அசை இருக்கிறது. அது பூனையைக் குறிப்பதன்று. ‘கேட்டமரான்’ என்பதன் முதலசை. உலகின் மிக விரைந்த கலங்களின் நெற்றியில் உங்கள் பாட்டனார் இட்ட பெயரின் ஒரு துண்டு எழுதப்பட்டிருக்கிறது.

என் வகுப்பு மாணவன் ஒருவன், மீனவர் வீட்டுப் பிள்ளை, ஓர் இதழில் வந்த படத்தைக் காட்டி, “ஐயா, கேட்டமரான் என்று போட்டிருக்கிறதே, இது எந்த மொழிச் சொல்?” என்று கேட்டான். “உன் பாட்டனார் எதில் ஏறிக் கடலுக்குப் போனார்?” என்றேன். “கட்டுமரத்தில்” என்றான். “அதுதான் இது” என்றேன். அவன் மகிழவில்லை, படத்தை மீண்டும் உற்றுப் பார்த்தான். “ஐயா, இதில் மரமும் இல்லை, கட்டும் இல்லையே?” என்றான்.

அன்பர்களே, அந்தக் கேள்வி நல்ல கேள்வி. ‘எங்கள் சொல், எங்கள் சொல்’ என்று மேடையில் முழங்கிவிட்டு இறங்குவது எளிது. அந்தச் சிறுவனுக்கு விடை சொல்வது அவ்வளவு எளிதன்று. கட்டுமரம் என்னும் சொல்லின் உண்மைப் பொருள் யாது? அது எவ்வழியாகக் கடல் கடந்தது? மரமும் கட்டும் இல்லாத கலத்திற்கு அப்பெயர் எப்படிப் போயிற்று? இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சொல்லின் அமைப்பு

கட்டு, மரம் என்னும் இரண்டும் ஐயத்திற்கு இடமில்லாத தமிழ்ச் சொற்கள். கட்டு என்பது கன்னடத்திலும் தெலுங்கிலும் கட்டு என்றே வழங்குகிறது. மலையாளத்தில் கெட்டு என்றும் ஒலிக்கும். மரம் மலையாளத்தில் மரம், கன்னடத்தில் மர. ஒரு சொல் நம் குடும்ப மொழிகளிலெல்லாம் வேரோடு நிற்குமானால் அது வந்தேறிச் சொல்லாக இருக்க முடியாது. எனவே உறுப்புகளைப் பற்றி வழக்கில்லை. அவை கூடிய கூட்டத்தைப் பற்றித்தான் எண்ண வேண்டும்.

இலக்கணம் கற்ற மாணவர்கள் இங்கே கூர்ந்து கேளுங்கள். கட்டு என்பது பெயராகவும் வரும், வினையடியாகவும் வரும். விறகுக் கட்டு, புல்லுக் கட்டு என்னும்போது அது பெயர். கயிற்றைக் கட்டு என்னும்போது அது வினை. ஆகவே கட்டுமரம் என்னும் தொகைக்கு இரண்டு வகையாகப் பொருள் விரிக்கலாம். பெயராகக் கொண்டால், கட்டாக உள்ள மரம் என்பது பொருள். வினையடியாகக் கொண்டால் அது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று முக்காலமும் அதில் அடங்கும்.

இவ்விரண்டனுள் எது சரி? எழுத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலுமா? கட்டுத்தறி, கட்டுச்சோறு என்னும் சொற்களில் வல்லெழுத்து மிகுந்திருப்பதைக் காண்கிறோம். ஊறுகாய், சுடுசோறு என்னும் வினைத்தொகைகளில் மிகவில்லை. கட்டுமரத்தில் வருமொழி முதலில் நிற்பதோ மகரம், அது மெல்லெழுத்து. மிகுவதற்கும் மிகாமைக்கும் அங்கே இடமே இல்லை. எழுத்திலக்கணம் இவ்விடத்தில் வாய் திறவாது.

இலக்கணம் வாய் திறவாத இடத்தில் கடற்கரை வாய் திறக்கிறது. இந்த ஊரின் பெரியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். எடை குறைந்த மென்மரத்தின் அடிகளைச் செதுக்கி, மூன்றோ ஐந்தோ அதற்கு மேலோ அருகருகே அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்குவார்கள். நடுமரம் சற்றே தாழ்ந்திருக்கும். முன்தலை ஒடுங்கி மேல்நோக்கி வளைந்திருக்கும். அலையை ஏறிக் கடப்பதற்கு அதுவே துணை. ஆணி கிடையாது, பலகை கிடையாது, நீரை அடைத்து வைக்கும் குழியும் கிடையாது. அலை மேலே ஏறும். ஏறிய நீர் மர இடுக்குகளின் வழியாகவே வடிந்துவிடும். நிரம்புவதற்குப் பள்ளம் இருந்தால்தானே கலம் மூழ்கும்? பள்ளமே இல்லாத கலம் நீர் நிரம்பி மூழ்குவது எப்படி? கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.

ஆணி அடித்த பலகை, கரையில் மோதும் அலையின் அடி தாங்காமல் விட்டுப்போகும். கயிறோ சிறிது இசைந்து கொடுக்கும். இசைந்து கொடுப்பதனால் தாங்கும். இதைக் கண்டறிந்தவன் பொறியியற் கல்லூரியில் படித்தவனல்லன். ஆனால் பொறியியல் அறிந்தவன்.

இனி நாம் தேடும் விடைக்கு வருவோம். கரை சேர்ந்தபின் அந்த மரங்களை என் செய்வார்கள்? கட்டை அவிழ்த்து மரங்களைப் பிரித்து மணலில் உலர்த்துவார்கள். நீரில் ஊறிய மரம் எடை ஏறும், எடை ஏறினால் மிதப்பு குறையும், விரைவும் குறையும். அதனால் உலர்த்துகிறார்கள். மீண்டும் கடலுக்குப் போகும்போது மீண்டும் கட்டுகிறார்கள். நேற்றுக் கட்டிய மரம். இன்று கட்டுகின்ற மரம். நாளை கட்டும் மரம்! முக்காலமும் தொக்கி நிற்கும் வினைத்தொகைக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. ஒருமுறை கட்டி முடித்துவிட்ட கலமாக இருந்தால் ‘கட்டிய மரம்’ என்பதோடு காலம் நின்றுபோகும். நாள்தோறும் கட்டுவதால் காலம் காட்டாத சொல்லே அதற்குரிய சொல்லாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நாம் எண்ணும் மாந்தர் வைத்த பெயரில் இத்தனை இலக்கணம் இருக்கிறது.

‘புணை’ என்னும் பழஞ்சொல்லையும் இங்கே நினைவுகூர்க. தெப்பத்திற்கும் மிதவைக்கும் அது பெயர். விலங்குக்கும் பிணைப்பொறுப்புக்கும் கூட அது பெயர். பிணித்தலும் சேர்த்தலும் ஆகிய கருத்தே எல்லாவற்றிலும் ஊடுருவி நிற்கிறது. நீரில் மிதப்பதற்குத் தமிழன் இட்ட பெயர்களில் ‘சேர்த்துக் கட்டுதல்’ என்னும் கருத்து பழமையானது. கட்டுமரம் அக்கருத்தின் தெளிந்த வடிவம்.

சொல் கடல் கடந்த வழி

ஒரு சொல் நம்முடையது என்று நாட்டுவதற்கு மூன்று சான்றுகள் வேண்டும். ஒலி ஒத்திருக்க வேண்டும். பொருள் ஒத்திருக்க வேண்டும். சொல் எவ்வழியாக எப்போது சென்றது என்று காட்ட வேண்டும். ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுவது ஆராய்ச்சியாகாது. கட்டுமரத்திற்கு இம்மூன்று சான்றுகளும் உள்ளன.

காசுப்பரோ பால்பி என்பவர் வெனிசு நகரத்து மணி வணிகர். அவர் 1583-இல் சாந்தோமுக் கரைக்கு வந்தவர். அவருடைய செலவுநூல் 1590-இல் அச்சாயிற்று. உருண்டையான ஏழு மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவைகளை அவர் அதில் விளக்குகிறார். எந்த மரம் அடியில் கிடக்கிறது, எது நீண்டு முன்னே நிற்கிறது, எதன்மேல் ஆள் அமர்கிறான் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். அவற்றின் பெயரைத் தம் நாட்டு வாய்க்கேற்பக் ‘கத்தமெரோனி’ என்று குறித்திருக்கிறார். ஏறத்தாழ நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் இத்தாலியன் ஒருவன் காதில் விழுந்த தமிழ்ச்சொல் அது. ஒலி சிதைந்திருக்கிறது, பொருள் சிறிதும் சிதையவில்லை.

பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1639-இல் சென்னையில் அவர்கள் கால் ஊன்றியபோது அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். இடையே கரையலை சீறிக்கொண்டிருக்கும். கப்பலின் சொந்தப் படகு அந்த அலையில் சிக்கினால் நொறுங்கிப்போகும். மக்களையும் சரக்கையும் இறக்கத் தைத்த பலகைப் படகுகள் வந்தன. மடல் கொண்டு செல்ல, அலை எவ்வளவு சீறினாலும் அஞ்சாமல் போகக் கட்டுமரமே வந்தது. மடலை நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் வைத்துத் தலையில் அணிந்துகொண்டு கட்டுமரக்காரர் போய்வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டும் வரை, சென்னைக்கு வந்த ஆங்கிலேயன் கப்பல் மேலிருந்து முதலில் கண்ட தமிழர் அவர்களே. அவன் முதலில் கற்ற தமிழ்ச்சொற்களில் ஒன்றாகக் கட்டுமரம் இருந்ததில் வியப்பென்ன?

உலகைச் சுற்றிய வில்லியம் தாம்பியர் 1697-இல் வெளியிட்ட செலவுநூலில், சோழமண்டலக் கரையில் வழங்கும் மிதவைக்குரிய பெயராக இச்சொல்லைக் குறித்தார். தஞ்சையில் நடுவராகப் பணியாற்றிய பர்னலும், இயூல் என்பாரும் சேர்ந்து தொகுத்த புகழ்பெற்ற ‘ஆப்சன் சாப்சன்’ என்னும் அகரமுதலி 1886-இல் வெளிவந்தது. அதுவும் இதனைத் தமிழ்ச்சொல்லென்றே காட்டி, கட்டு, மரம் என்று பிரித்தது. பிற அகரமுதலிகளும் அவ்வாறே ஒப்புகின்றன. ஆக, இது நாம் கேட்டுப் பெற வேண்டிய உரிமையன்று. உலகம் முன்னரே ஒப்பிய உரிமை. கட்டும் கயிறுங்கூடக் ‘காயர்’ என்று ஆங்கிலத்திற்குப் போயிருக்கிறது. நம் உடன்பிறந்த மலையாளத்தின் வழியாகச் சென்ற சொல் அது.

ஒலி மாற்றத்தையும் பாருங்கள். டகர இரட்டிப்பு அவர்கள் நாவில் தேய்ந்தது. இறுதி மகரம் னகரமாயிற்று. அறம் அறன் என்றும், நிலம் நிலன் என்றும் ஆவதை நாம் அறிவோம் அல்லவா? அதனால் இம்மாற்றம் தமிழ் இலக்கணப்படியே நேர்ந்தது என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அயலார் வாயில் அது அயலார் ஒலிநெறிப்படியே மாறியது. இரண்டும் ஒத்துப்போனது தற்செயல். தற்செயலைச் சான்றாக்குவது நமக்கு அழகன்று.

பொருள் மாறிய வழி

இனி அந்த மாணவனின் கேள்வி. மரமும் கட்டும் இல்லாத கலத்திற்குக் கட்டுமரம் என்னும் பெயர் எப்படிச் சென்றது?

ஆங்கிலேயர் இச்சொல்லைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனபோது, அவர்கள் கருத்தில் அது ‘மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை’ என்றே நின்றது. வேற்று நாட்டுத் தெப்பங்களையும் அப்பெயரால் குறித்தனர். 1804-இல் நெப்போலியனின் படகுப் படை பிரான்சு நாட்டுப் பூலோன் துறையில் நின்றபோது, இராபர்ட்டு புல்ட்டன் என்னும் அமெரிக்கர் ஆங்கிலேயர்க்காக வெடிமருந்து அடைத்த மிதவைப் படைக்கலங்களைச் செய்து கொடுத்தார். நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடந்த அவற்றைக் கப்பற்படையினர் ‘கேட்டமரான்’ என்றழைத்தனர். நம் மீனவன் சோறு தேடக் கட்டிய கலத்தின் பெயரை, வெள்ளையன் வெடிகுண்டுக்கு இட்டான். அதே நூற்றாண்டில் ஆங்கிலத்தில் சண்டைக்காரியாகிய பெண்ணை ஏசும் சொல்லாகவும் அது வழங்கியதென்று அவர்கள் அகரமுதலிகளே காட்டுகின்றன. அயல்வீடு போன சொல் எத்தனை பாடு படும் என்பதற்கு இது சான்று.

பிறகு, தனித்தனி உடல்கள் இரண்டைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்த கலத்திற்கும் இப்பெயர் ஒட்டிக்கொண்டது. பல மரங்களைக் கட்டினால் கட்டுமரம். இரண்டு படகுகளைக் கட்டினாலும் கட்டுமரம் என்பதே அந்த நினைப்பு. 1876-இல் நத்தானியேல் எர்சோஃபு என்னும் அமெரிக்கக் கலக் கைவினைஞர் ‘அமரில்லிசு’ என்னும் இரட்டையுடற் பாய்க்கலத்தைக் கட்டி, நியூயார்க்கில் நடந்த போட்டியில் ஓடவிட்டார். மற்றப் பாய்க்கலங்களெல்லாம் பின்தங்கின. தோற்றவர் கூச்சலிட்டனர், அது படகே அன்று என்றனர், போட்டியிலிருந்து விலக்கினர். விலக்கினாலும் விரைவை விலக்க முடியுமா? அடுத்த ஆண்டே அவர் அதற்குப் புதுப்புனைவு உரிமம் பெற்றார். இருபதாம் நூற்றாண்டில் அவ்வகைக் கலம் உலகெங்கும் பரவியது. 1976 முதல் ஒலிம்பிய விளையாட்டிலும் அதற்கு இடம் கிடைத்தது.

அது ஏன் அவ்வளவு விரைகிறது? ஒற்றையுடற் கலம் கவிழாமல் நிற்க அகன்றிருக்க வேண்டும், அல்லது அடியில் பாரம் ஏற்ற வேண்டும். அகன்றால் நீரைத் தள்ளும் உழைப்பு மிகும். பாரம் ஏற்றினால் எடை மிகும். இரட்டையுடற் கலத்திலோ ஒவ்வோர் உடலும் ஒடுங்கிய கத்திபோல் நீரைக் கிழிக்கும். இரண்டும் விலகி நிற்பதால் கலம் எளிதில் கவிழாது. பாரமும் வேண்டா, பருமனும் வேண்டா. விரைவின் மறைபொருள் அவ்வளவே.

பெயர் அதன்பின் அடைந்த நிலை நகைப்புக்குரியது. மூன்று உடல் கொண்ட கலம் வந்தபோது, அதற்குத் ‘திரைமரான்’ என்று பெயரிட்டனர். மூன்றைக் குறிக்கும் ‘திரை’ முன்னே நின்றது; ‘கேட்டமரான்’ என்பதை நடுவே வெட்டி, ‘மரான்’ என்னும் பாதியைப் பின்னே ஒட்டினர். அதாவது நம் மரம், ‘கலத்தின் உடல்’ என்னும் பொருளுடைய ஈறாக ஆங்கிலத்தில் நிற்கிறது. ஐந்து உடல் கலத்திற்கு ‘பெண்டமரான்’. கலத்தில் மரம் இல்லை. சொல்லில் மரம் இருக்கிறது. கட்டு மட்டும் கழன்றுவிட்டது. மாணவச் செல்வங்களே, உங்கள் தோழன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

நம்முடையது எது, பிறருடையது எது?

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். தமிழ்ப் பற்றுடையோர் கூட்டம் என்பதால்தான் துணிந்து சொல்கிறேன்.

‘இரட்டையுடற் கலத்தைக் கண்டுபிடித்தவன் தமிழன், பெயரே அதற்குச் சான்று’ என்று மேடைகளில் முழங்குவோர் உளர். பெயர் நமது என்பது உண்மை. கலம் நமது என்பது உண்மையன்று. இரண்டு உடல்களை இணைத்து மாகடல் கடந்தவர்கள் பசிபிக்குப் பெருங்கடல் தீவு மாந்தர். தோங்காவிலும் பீசியிலும் தாகித்தியிலும் அவாயிலும் வாழ்ந்த அவர்கள், திசைகாட்டும் கருவி ஏதுமின்றி, விண்மீனையும் அலையின் போக்கையும் பார்த்து ஆயிரக்கணக்கான கல் தொலைவு ஓடினார்கள். பீசி மக்கள் தம் இரட்டைக் கலத்தை ‘துருவா’ என்றனர். இரட்டை என்பதே அதன் பொருள். தோங்கா மக்களுக்குக் ‘காலியா’ என்னும் பெயர் உண்டு. அந்தக் கலங்களைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கண்டு வியந்தனர். 1976-இல் அவாய் மக்கள் பழைய முறையில் ‘ஓக்குலேயா’ என்னும் இரட்டைக் கலத்தைச் செலுத்தி, கருவிகளின் துணையின்றித் தாகித்தி சேர்ந்து, தம் முன்னோர் திறத்தை உலகிற்கு மெய்ப்பித்தனர்.

நம் சொல்லின் புகழால் அவர்கள் சொற்கள் மறைந்துபோயின என்பதை எண்ணிப் பாருங்கள். நம் உழைப்பின் பெயரை நம்மிடமிருந்து யாரேனும் பறித்தால் நாம் கொதிக்கிறோம். பிறர் உழைப்பின் பெயரை நாம் பறிக்கலாமா? அடக்கப்பட்ட மொழியினருக்கு மற்றோர் அடக்கப்பட்ட மொழியினரின் வலி தெரிய வேண்டும். சொல் நமது, அந்தக் கலம் அவர்களது. இப்படிச் சொல்வதால் தமிழுக்கு இழுக்கு ஏதுமில்லை. நம் கட்டுமரம் தன்னளவில் தனிப்பெருங் கலம். அதற்குக் கடன்வாங்கிய நகை வேண்டா.

மேலும் ஒன்று. சான்றில்லாத ஒரு கூற்றை நாம் சொன்னால், சான்றுள்ள பத்துக் கூற்றுகளையும் சேர்த்துத் தள்ளிவிடப் பகைவர் காத்திருக்கின்றனர். ‘இவர்கள் எல்லாவற்றையும் தமிழ் என்பார்கள்’ என்று நகைத்துவிட்டுப் போவார்கள். வேர்ச்சொல் ஆய்வு விளையாட்டன்று. மொழிஞாயிறு பாவாணர் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார் என்றால், அது அத்துணை உழைப்பு வேண்டுவது என்று நாம் உணர வேண்டும். ஒலி, பொருள், வழி மூன்றும் கூடிய சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றால் எவராலும் நம்மை அசைக்க முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

உண்மையான இழிவு எது தெரியுமா? வெள்ளையன் நம் சொல்லைச் சிதைத்தது அன்று. அவன் சிதைத்த வடிவத்தை நாம் திரும்ப வாங்கிக்கொண்டு, தமிழெழுத்தில் ‘கேட்டமரான்’ என்று எழுதுவதே இழிவு. தன் பிள்ளை அயலூர் போய் வேறு உடை உடுத்தித் திரும்பினால், தாய் அவனை ‘நீங்கள் யார்?’ என்று கேட்பாளா? நம் இதழ்கள் அப்படித்தான் கேட்கின்றன.

அப்படியானால் அந்த இரட்டையுடற் கலத்தைத் தமிழில் எப்படி அழைப்பது? கட்டுமரம் என்றே அழைத்தால், கயிற்றால் கட்டிய உண்மைக் கட்டுமரத்திற்கும் அதற்கும் வேறுபாடு தெரியாமல் போகும். நாளடைவில் உண்மைக் கட்டுமரம் மறந்தே போகும். ஆகவே நான் ஒரு சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்: இணைகலம். இணை என்பதற்கு இரட்டை என்னும் பொருளும் உண்டு. சேர்தல் என்னும் பொருளும் உண்டு. இணைந்த கலம், இணைகின்ற கலம், இணையும் கலம் என்று கட்டுமரத்தைப் போலவே வினைத்தொகையாகவும் நிற்கும். அதனால் ககர ஒற்று மிகாமல் எழுத வேண்டும். மூன்று உடல் உடையதை மூவுடற்கலம் எனலாம். உடல் எத்தனையானாலும் விரைந்து செல்வதைப் பொதுவாக விரைகலம் எனலாம். இவற்றைவிட நல்ல சொல் உங்கள் வாயில் இருக்குமானால், அதையே கொள்வோம். கடலுக்குப் போகாத நான் ஆக்கிய சொல்லைக் காட்டிலும் கடலோடி வாயில் பிறந்த சொல்லுக்கு உயிர் மிகுதி.

அடுத்தது இதனினும் பெரிய வேலை. கட்டுமரமே இன்று அருகிவருகிறது. கண்ணாடியிழைப் படகும் பொறியும் வந்தன. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அம்மாற்றம் இன்னும் விரைந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். கை வலிக்கத் துடுப்புப் போட்டவர்க்குத்தான் பொறியின் அருமை தெரியும். கரையில் நின்று பழமை பேசுவோர், கடலில் உழைப்போரைப் பழைய கலத்திலேயே போகச் சொல்ல உரிமையற்றவர். கலம் மாறட்டும். ஆனால் கலத்தோடு சொற்களும் மடிய வேண்டுமா?

கட்டுமரத்தின் ஒவ்வொரு மரத்திற்கும் பெயர் உண்டு. ஒவ்வொரு கட்டுக்கும் பெயர் உண்டு. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். கடலுக்குள் ஓடும் நீரோட்டத்தை நீவாடு என்கிறீர்கள். கலத்தின் முன்தலையை அணியம் என்கிறீர்கள். கலைச்சொல் இல்லை, கலைச்சொல் இல்லை என்று நகரத்தில் இருந்துகொண்டு புலம்புவோர், ஒரு நாள் இந்த மணலில் வந்து உட்கார்ந்து கேட்டால் போதும். சேம்சு ஆர்னெல் என்னும் ஆங்கிலேயர் சென்னை மாநில மீன்துறையில் பணியாற்றிக்கொண்டே இக்கரைகளில் திரிந்து, நம் கலங்களின் அமைப்பை ஆராய்ந்து 1920-இல் நூல் வெளியிட்டார். அயலவர் ஒருவர் நூறாண்டுக்கு முன் செய்ததை, தமிழாசிரியர்களாகிய நாம் நம் சொல்லுக்காகச் செய்ய வேண்டாவா?

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டுப் பாட்டனார், பாட்டியாரிடம் போய் உட்காருங்கள். ஒரு சுவடியில் நான்கு பத்தி போடுங்கள்: சொல், பொருள், சொன்னவர் வயது, ஊர். ஒரே பொருளுக்கு அடுத்த ஊரில் வேறு சொல் இருந்தால் அதையும் எழுதுங்கள். கொச்சை என்று எதையும் திருத்தாதீர்கள். காதில் விழுந்தபடியே எழுதுங்கள். திருத்துவது பின்னால் ஆகட்டும். திரட்டுவது இன்றே ஆக வேண்டும். ஒவ்வொரு முதியவர் மறையும்போதும் சில சொற்கள் அவரோடு போய்விடுகின்றன.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கேட்டால், “இதெல்லாம் எதற்கு, நீ போய் ஆங்கிலம் படி” என்று சொல்லிவிடாதீர்கள். ஆங்கிலமும் படிக்கட்டும். ஆங்கில அகரமுதலியைத் திறந்து பார்க்கும்போது, அதில் தன் பாட்டனார் குரல் கேட்கிறது என்று அவனுக்குத் தெரியட்டும்.

எழுதாத கையிலிருந்து ஒரு சொல் புறப்பட்டு வெனிசுக்குப் போயிற்று, இலண்டனுக்குப் போயிற்று, நியூயார்க்குக்கும் தாசுமேனியாவிற்கும் போயிற்று. அதைத் தூக்கிச் சென்றது படையன்று, அரசாணையன்று, பொற்காசும் அன்று. அந்தக் கலம் அலையில் உடையவில்லை. அதைக் கண்டவன் பெயரைக் கேட்டான், அவ்வளவுதான். தமிழ் வளர்க்கும் வழியும் அதுவே. நல்லதைச் செய்வோம், அதற்கு நம் மொழியில் பெயர் வைப்போம், பெயரை மறவாதிருப்போம்.